கொடையைப் பதிவு செய்யும் தம்பி தங்கைகளுக்கு: எதில் கேட்டு முடிவெடுக்கிறீர்கள்?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய்க் கோயில் கொடைத் திருவிழாக்களைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

நீங்கள் போடுகிற வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் விடாமல் கேட்கிறவன் நான். மும்பையிலும் துபாயிலும் இருந்துகொண்டு, சொந்த ஊர்ச் சுடலைமாடனுக்கு நடக்கும் கொடையைப் போனில் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் செய்வது பெரிய காரியம். படம் இப்போதெல்லாம் அருமையாக இருக்கிறது. சத்தம்தான் அதற்கு ஈடாக வரமாட்டேன் என்கிறது. ஒரு பதிவில் குடம் ஒரேயடியாக முழங்கி, பாட்டை நடத்தும் புலவர் குரலை அமுக்கிவிடுகிறது. அடுத்ததில் குடத்தையே காணோம். ஜால்ராவும் வில்லின் மணிகளும் ஒன்று காதைக் கிழிக்கின்றன, இல்லையென்றால் மங்கிக் கிடக்கின்றன.

மைக்கைக் குறை சொல்ல மாட்டேன். உங்களில் பலரிடம் இருக்கும் ரெக்கார்டரும் மைக்கும் இந்த வேலைக்குப் போதும். எடுத்ததை எதில் கேட்டு முடிவெடுக்கிறீர்கள் என்பதில்தான் கோளாறு. சாமக்கொடை முடிந்து விடியற்காலையில் பஸ்ஸோ செங்கோட்டைப் பாசஞ்சரோ ஏறுகிறீர்கள். ஊர் வந்து சேர்வதற்குள் எடிட்டிங்கை முடித்து ஏற்றிவிட வேண்டும் என்று அவசரம். போன் பேச வாங்கிய ப்ளூடூத் பட்ஸைக் காதில் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்து மிக்சிங் நடக்கிறது. இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காதை மூடும் எந்த ஹெட்போனும் கூர்மையான சத்தங்களை நன்றாகவே தடுக்கும். பேச்சும் ஹாரனும் குறைந்துவிடும். இன்ஜினின் அடி உறுமல் மட்டும் உள்ளே வந்துவிடும், அதை வெறும் மெத்தையால் தடுக்க முடியாது. நம்முடைய குடத்தின் அடியும், கணியான் கூத்தில் மந்த மகுடம் என்கிற தோல் கருவியின் அடியும் அதே கீழ்ப் பகுதியில்தான் இருக்கின்றன. இன்ஜின் அவற்றை விழுங்கிவிடும். கணியான் கூத்தில் உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு போகிற அழகு தெரியுமல்லவா? பஸ்ஸில் உங்கள் காதுக்கு உச்சம் கேட்கும், மந்தம் கேட்காது. உடனே கீழ்ச் சத்தத்தை ஏற்றுவீர்கள். வீட்டுக்கு வந்து பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டால் சுவர் அதிரும். குற்றம் உங்கள் காதில் இல்லை. அந்த இடத்தில் யார் உட்கார்ந்து கேட்டாலும் அப்படித்தான் ஏற்றுவார்கள்.

அப்போ நாய்ஸ் கேன்சலிங் வாங்கினால் சரியாகிவிடுமே என்பீர்கள். பாதி சரி. 1978-ல் அமர் போஸ் என்பவர் விமானத்தில் போகும்போது இந்த யோசனையைக் கையில் எடுத்தார். வெளிச் சத்தத்தை ஒரு குட்டி மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அணைக்கிற ஏற்பாடு அது. ஒரே சீராக ஓடும் அடி உறுமலை அது பிரமாதமாக அணைக்கும். ஆனால் அப்படிப்பட்ட ஹெட்போன் பலவற்றில், அந்த வசதியைப் போட்டால் ஒரு தொனி, அணைத்தால் வேறு தொனி. போதாக்குறைக்கு, கேட்கிறவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று கம்பெனியே பேஸை, அதாவது கீழ்ச் சத்தத்தை, கூட்டி வைத்திருக்கும். அதனால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடத்தில் எந்தக் கதை தொடங்குகிறது என்று குறிப்பது, இடையில் வரும் அறிவிப்புகளை வெட்டுவது, புலவர் சொல்வதை எழுத்தில் எடுப்பது, இதற்கெல்லாம் பயணத்தில் அதைவிட நல்ல துணை இல்லை. மேல் சத்தம் கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் மட்டும் அதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

ப்ளூடூத்தில் இன்னொரு தொல்லை, தாமதம். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ, சில சமயம் அதற்கு மேலுமோ பிந்தி வரும். புலவரின் வீசுகோல் நாணில் விழுகிற நொடியில் மணிகள் குலுங்க வேண்டும். அந்த இடத்தில் காதை நம்பி வெட்டுகிறவருக்கு இந்தத் தாமதம் பெரிய இடைஞ்சல். களத்தில் ரெக்கார்டரோடு ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டு நிற்பது அதைவிட மோசம், நேரில் ஒரு அடியும் காதில் அதே அடி மறுபடியும் விழும்.

ஆகவே வயர் உள்ளது, பின்பக்கம் மூடியது. இதுதான் என் கட்சி. பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் கேட்க இன்பமானவைதான். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி ஒன்றை வீட்டில் அமைதியான அறையில் வைத்திருக்கிறவர் கொடுத்துவைத்தவர். பஸ்ஸில் அது வெளிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும், உங்கள் பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்பார். தவிர அதன் மின்தடை 300 ஓம். லேப்டாப்போ சின்ன ரெக்கார்டரோ அதைத் தள்ளத் திணறும். பயணத்துக்கு 32 முதல் 80 ஓம் வரை உள்ளதாகப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991-ல். இன்றும் விற்கிறது, அதிலேயே அதன் தரம் தெரியும். 63 ஓம், மடக்கிப் பைக்குள் போட்டுவிடலாம், எடை குறைவு. புலவர் குரலில் ‘ஸ’ எங்கே சீறுகிறது, பின்னால் எங்கே ஜெனரேட்டர் இரைகிறது என்பதையெல்லாம் ஒளிக்காமல் காட்டிக்கொடுக்கும். மேல் சத்தத்தைச் சற்றுக் கூட்டியே காட்டுவது அதன் சுபாவம். அது தெரியாமல் ஜால்ராவைக் குறைத்துக்கொண்டே போனால் பதிவு மங்கிவிடும். வயர் கழற்ற முடியாதது, அறுந்தால் பற்றவைக்கத்தான் வேண்டும். இதில் டூப்ளிகேட்டும் உலவுகிறது. பாதி விலைக்கு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம், வயரைக் கழற்றி மாற்றலாம், மடங்கும். பேஸ் கொஞ்சம் தூக்கல். அதில் குடம் சரியாக இருக்கிறது என்று பட்டால் வெளியே மெலிந்து கேட்க வாய்ப்பு உண்டு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ தலைக்கு மிகச் சுகம், ஆனால் மடங்காது, பையில் இடத்தை அடைக்கும். வாங்குவதானால் 80 ஓம் வகையைக் கேட்டு வாங்குங்கள், 250 ஓமும் அதே பெயரில் வருகிறது.

களத்தில் அலைகிறவருக்கு நான் முதலில் சொல்வது சென்ஹைசர் எச்டி 25. வயரைத் தவிர்த்தால் எடை 140 கிராம்தான். ஒரு பக்கக் கிண்ணத்தைத் திருப்பி ஒற்றைக் காதில் கேட்கலாம். சாமியாடி எந்தப் பக்கம் ஓடி வருகிறார், கமிட்டி அண்ணாச்சி என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று மறு காது கவனிக்கும். மெத்தை, வயர், கிண்ணம் என்று ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கிறது, ஒன்று போனால் முழுசையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. காதின் மேல் அழுத்தி உட்காரும் வகை என்பதால் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வலிக்கும். வாங்குவதற்கு முன் மாட்டிப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கொடை களைகட்டுவதே சித்திரை, வைகாசியில்தான். ரெக்சின் மாதிரியான மெத்தைகள் வியர்வையில் ஊறி, கொஞ்ச நாளில் கறுப்புச் செதிலாக உதிர்ந்து காதோரமெல்லாம் ஒட்டும். மெத்தை நைந்தால் காதோடு சரியாகப் பொருந்தாது, பேஸ் ஒழுகிவிடும். பார்க்க அசிங்கம் என்பதோடு நிற்காது, கேட்கிற சத்தமே மாறும். மாற்று மெத்தை கிடைக்கிற மாடலாக வாங்கி, உதிர ஆரம்பித்ததுமே மாற்றிவிடுங்கள். வெல்வெட் மாதிரித் துணி மெத்தை வியர்வைக்கு நல்லது, வெளிச் சத்தத்தைத் தடுப்பதில் கொஞ்சம் பின்தங்கும்.

போனில் ஹெட்போன் வயர் செருக ஓட்டை இல்லையே என்பவர்களுக்கு: சி-டைப் கனெக்டர் போதும், ஆனால் உள்ளே டிஜிட்டல் சத்தத்தை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டாக் (DAC) சிப் உள்ளதாகப் பாருங்கள். சும்மா கம்பியை மட்டும் இணைக்கிற மலிவானவை பல போன்களில் வேலையே செய்யாது.

களத்திலும் மாட்டிக்கொண்டே நில்லுங்கள். மீட்டரைப் பார்த்து லெவல் சரி என்று விட்டுவிடாதீர்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் காற்றாலை சுழல்கிற காற்று மைக்கில் மோதினால் ‘பொத பொத’ என்று அடிச் சத்தம் விழும். மீட்டரில் அது பாட்டு மாதிரியே ஏறி இறங்கும். மைக்செட் அண்ணாச்சியிடமிருந்து வாங்கிய லைனில் கரன்ட் இரைச்சல் இருந்தாலும் அப்படியே. நல்ல ஹெட்போன் இருந்தால் அங்கேயே தெரியும், அங்கேயே சரிசெய்யலாம். வீட்டுக்கு வந்தபின் தெரிந்து என்ன செய்ய? அடுத்த கொடைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வலது இடது மாறாமல் மாட்டுவதையும் பழக்கமாக்குங்கள். வில்லுப்பாட்டுக் குழுவே வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என்று பிரிந்து உட்கார்ந்து பாட்டை வாங்கிப் பாடுகிற கலை. அதைப் புரட்டிப் போடுவது புலவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

கடைசியாக உங்கள் காதைப் பற்றி. இதை அண்ணனாகச் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் வகுத்த அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். தவிலுக்கும் உறுமிக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்கிற நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி அடிபட்ட காது விடியும்போது மேல் சத்தங்களைச் சரியாகக் கேட்காது. அந்தக் காதோடு பஸ்ஸில் வால்யூமை முழுக்க வைத்து மிக்சிங் செய்தால் ஜால்ராவை அளவுக்கு மேல் ஏற்றுவீர்கள், ஹெட்போன் எவ்வளவு விலையானாலும் சரி. தூங்கி எழுந்து, மத்தியானத்துக்கு மேல் அமைதியான அறையில் கேட்டு முடியுங்கள். வழியில் வெட்டும் வேலையை மட்டும் பாருங்கள். மறுநாள் ஏற்றினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். நம் பக்கம் பெரும்பாலான கடைகளில் இந்த வகையை மாட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. உங்களில் யாரிடம் எந்த மாடல் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, கொடைக் காலம் தொடங்குவதற்கு முன் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் கூடுங்கள். ஒரே வில்லுப்பாட்டுப் பதிவை எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், அப்புறம் அதையே ஒரு பாக்ஸிலும் ஒரு சாதாரணப் போன் ஸ்பீக்கரிலும் போடுங்கள். முடிந்தால் ஒரு புலவரையும் ஒரு கணியானையும் அழைத்து உட்காரவைத்து, எதில் தங்கள் குடமும் மகுடமும் உள்ளபடி கேட்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். தனியாக வாங்க வசதியில்லாத குழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து பணம் போட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாளைக் குறித்துச் சொல்லுங்கள், என்னிடம் இருப்பவற்றை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுகளை விடாமல் கேட்கும் நெல்லைக்காரன்