சட்டியில இன்னும் இருக்கு வாப்பா

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல சீனி வருத்தம் (நீரிழிவு) பத்தி வந்த கட்டுரைய வாசிச்சேன், நல்லாத்தான் இருந்தது, ஆனா வாய்க்கட்டுப்பாடு இல்லாதவங்களுக்குத்தான் இது வருது எண்ட மாதிரி ஒரு வரி வந்ததே, அது மனசுக்கு பெரிய கஷ்டமா போச்சு. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

என்ட வாப்பா இலங்கை ஆர்மில 22 வருஷம் இருந்தவர், 2012ல விலகி வந்தார். அப்ப 62 கிலோ, இப்ப 91. கொழும்பு தெமட்டகொடையில இருந்து பஸ்ல போய் ஒரு ஃபிளாட்ல செக்யூரிட்டி வேலை செய்றார், 12 மணித்தியாலம் கதிரையில, நித்திரை வராம இருக்க சீனி போட்ட பிளேன்டி எத்தனையோ. முழங்கால்ல ஷெல் துண்டு பட்டதால நடக்கவும் பெருசா ஏலாது.

அவர் சாப்பிடுறத ஒருக்கா பார்த்தா விளங்கும். சுவருக்கு முதுக குடுத்து இருப்பார், இடது கையால பிளேட்ட சுத்தி வளைச்சுக்கொள்வார், நாங்க கறி போட்டு முடிய முன்னுக்கு அவர்ட பிளேட் காலி, ஒரு பருக்கை மிஞ்சாது. நோன்புல பகல் முழுக்க பசி தாங்குவார், ஆனா பாங்கு சொன்னா கஞ்சியும் ரோல்ஸும் சோறும் எல்லாம் ஒரே மூச்சுல போகும். தலையணைக்கு கீழ எப்பவும் ஒரு கிரீம் கிரேக்கர் பெக்கட். சின்னதுல நாங்க இதப் பார்த்து சிரிச்சிருக்கோம்.

ஏன் வாப்பா இப்படி எண்டு ஒருநாள் கேட்டேன். யுத்த லைன்ல இருக்கக்க சோத்துப் பார்சல் டிராக்டர்ல வருமாம், மழை பெஞ்சு பாதை சேறாகினா வராது, வந்தாலும் திண்டு முடிக்க விடுவாங்க எண்டு நிச்சயம் இல்ல. "கையில வந்தா உடனே முடிச்சிடணும் மகள், அடுத்தது எப்ப எண்டு யாருக்குத் தெரியும்" எண்டார். வயிறு நிரம்பினது மூளைக்குத் தெரிய கிட்டத்தட்ட 20 நிமிஷம் எடுக்கும் எண்டு சொல்றாங்க, 5 நிமிஷத்துல திங்கப் பழகின மனுசனுக்கு அது எப்படி விளங்கும்?

இது வாப்பாட மட்டும் கதை இல்ல. 2009ல, இங்க யுத்தம் முடிஞ்ச அதே வருஷம், அமெரிக்காவுல விலகின படையாட்கள விசாரிச்சு எழுதின ஒரு ஆய்வு வந்திருக்கு, அதுலயும் இதேதான், அவசரமா திங்கிறது, கிடைக்கக்க அளவுக்கு மிஞ்சி திங்கிறது எல்லாம் சேவையில பழகி வீட்டுக்கும் கூடவே வந்திருக்கு. 1945ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஒரு ஆய்வுக்காக 36 ஆம்பிளைகள மாசக்கணக்கா அரைப்பட்டினி போட்டு பார்த்தாங்க, பிறகு சாப்பாடு குடுத்தும் அவங்கட்ட பசி அடங்க கனகாலம் எடுத்திச்சு. எங்கட பக்கத்து வீட்டு அக்கா, யுத்தத்துல இடம்பெயர்ந்த சனத்த வெச்சிருந்த செட்டிக்குளம் முகாம்ல இருந்தவங்க, இண்டைக்கும் அரிசி அரை மூட்டைக்கு குறைஞ்சா அவங்களுக்கு நித்திரை வராது. எந்தப் பக்கத்துல நிண்டாலும் பசி ஒண்டுதான்.

போன மாசம் வாப்பாவ சீனி கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன். மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தங்க ஒரு கடதாசிய நீட்டி சோத்த குறைங்க, இப்படித் திண்டா கால வெட்டத்தான் வரும் எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினாங்க. வாப்பா தலைய குனிஞ்சிட்டு நிண்டார். நீங்க என்ன வேலை செஞ்சீங்க, எப்படி சாப்பிட்டுப் பழகினீங்க எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விலகுற நேரம் துவக்கையும் யூனிஃபோமையும் எண்ணி வாங்கிறாங்க, வீட்டுச் சாப்பாட்டுக்கு எப்படித் திரும்புறது எண்டு ஒருநாள் வகுப்பு வெச்சா என்ன? இந்த நகரத்துல பேங்க் வாசல்லயும் ஃபிளாட் வாசல்லயும் இருக்கிற எத்தனை பேருக்கு அது தேவை எண்டு எழுதுங்க, தயவு செஞ்சு.

இப்ப நான் சட்டியோட மேசைக்கு கொண்டு வந்து மூடிய திறந்து வைக்கிறேன். ஒரு அகப்பை போட்டுட்டு, "சட்டியில இன்னும் இருக்கு வாப்பா, மெதுவா தின்னுங்க" எண்டு சொல்றேன். முந்தாநேத்து அவர் இடது கைய பிளேட்ல இருந்து எடுத்து மடியில வெச்சார்.

இப்படிக்கு,
ஒரு மகள், தெமட்டகொடை