முகவைக்கு எத்தனை ஹேஷ்டேக்?

தேர்தல் செய்தி போடும் கட்சி ஐடி விங் நண்பர்களுக்கும், செய்தியாளர்களுக்கும், தேர்தல் பணி அலுவலர்களுக்கும்,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன்.

2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான்தான் போனைப் பார்த்து நிலவரம் சொன்னேன். எங்கள் தொகுதியை 'ராமநாதபுரம்' என்ற ஹேஷ்டேக்கில் தேடினால் ஒரு கூட்டம் பதிவுகள். முன்னால் 'இ' போட்டால் வேறு கூட்டம். 'ராம்நாடு', 'முகவை' என்று இன்னும் இரண்டு. ஒன்றில் வந்தது மற்றதில் இல்லை. கடைசியில் ஒரு செய்திக் கார்டு கிடைத்தது: நவாஸ்கனி, ஏணிச் சின்னம், வெற்றி. உரக்க வாசித்தேன். வெடி வாங்க ஆளும் கிளம்பியாயிற்று. அப்புறம்தான் ஒரு பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, இது 2019 கார்டு" என்றான். அதே வேட்பாளர், அதே சின்னம். எதை வைத்து நான் கண்டுபிடிப்பது? சாயங்காலம் முடிவும் அப்படியே வந்தது வேறு விஷயம். எதிர்த்து நின்ற ஓ. பன்னீர்செல்வத்தின் பலாப்பழச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட பெரியப்பா ஒருவர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "இது எந்த வருசம்மா?" என்கிறார்.

கேட்பது இவ்வளவுதான்: ஒரு தொகுதிக்கு ஒரே ஹேஷ்டேக், அதில் தொகுதி எண்ணும் ஆண்டும். மக்களவைக்கு ராமநாதபுரம் 35, சட்டமன்றத்துக்கு 211, பெயர் ஒன்றுதான். 'ராமநாதபுரம்35_2024' என்றிருந்தால் எதுவும் கலந்திருக்காது. நடுவில் ஹைஃபன் வேண்டாம், ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும். 'இ' வேண்டுமா வேண்டாமா என்பதையும் ஒருநாள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

2024-இல் பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் நின்ற தொகுதி இது. அவர்களைப் பிரித்தறிய இயந்திரத்தில் சின்னமும் படமுமாவது இருந்தன. அந்தத் தேர்தலுக்கு நாடு முழுக்க 'சுனாவ் கா பர்வ், தேஷ் கா கர்வ்' (தேர்தல் திருவிழா, தேசத்தின் பெருமை) என்று இந்தியில் முழங்கினார்கள். அதைத் தட்டித் தேடிய மீனவர் ஒருவரை எங்கள் கரையில் காட்டுங்கள், ஒரு கிலோ நண்டு இனாம்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே தயவுசெய்து அந்த ஒரே ஹேஷ்டேக்கை முடிவு செய்து, கரையோர ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுங்கள். 2021 மே 2 எண்ணிக்கையும் தடைக்காலத்தில்தான் வந்தது. அடுத்ததும் அப்படி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
போன் பார்த்துச் சொல்பவள்,
பாம்பன்