பையன்களை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வளரிளம் பருவ வகுப்பு என்றால் மாணவிகளை உட்காரவைத்து நாப்கின் பற்றிப் பேசிவிட்டு, பையன்களை விளையாட அனுப்பிவிடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

அவசரமானது விந்தக (விதை) முறுக்கம். 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம் வரும். விந்தகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தண்டு முறுக்கிக்கொள்வதால் ஓட்டம் தடைபடுகிறது. தூக்கத்திலும் வரலாம். திடீர் வலி, குமட்டல், வாந்தி. சில நேரம் அடிவயிற்றில்தான் வலி தெரியும். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டினால் அனேகமாக அகற்ற வேண்டியதுதான். பையன் கூச்சப்பட்டு "வயிறு வலிக்குதும்மா" என்பான். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். பொழுது அங்கேதான் போகிறது. "விதையில வலிக்குது" என்று அம்மாவிடம் தயங்காமல் சொல்ல வகுப்பறை பழக்க வேண்டும்.

அடுத்தது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது. இதை "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தித்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. விந்து, சேர்த்துவைத்துக் கரையும் சொத்தல்ல. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆனால் உற்பத்தி நாள்தோறும் கோடிக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை வெளியேறுவது அதிகம் போனால் ஒரு டீஸ்பூன். உடம்பு இளைக்க இதில் காரணமே இல்லை.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' அளவோடு நிறுத்திவிடுகிறோம். 18 வயது நிறையாதவரின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது என்பதையும், அந்த வயதினரின் அந்தரங்கப் படத்தை வாட்ஸ்அப்பில் வந்ததென்று அடுத்தவருக்கு அனுப்புவதே குற்றம் என்பதையும் 9ஆம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது, உரையாடலை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1098 (சிறார் உதவி எண்) அல்லது 1930 (இணையக் குற்றப் புகார் எண்) எண்ணுக்கு அழைக்கலாம்.

கேள்விப் பெட்டி வைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. சந்தேகம் உள்ளவர் மட்டும் சீட்டுப் போடுங்கள் என்றால் பெட்டி காலியாகத்தான் வரும். எழுந்து போகிறவனை வகுப்பே பார்க்குமே! எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு கொடுத்து, கேள்வி இல்லாதவர்களை "இல்லை" என்று எழுதிப் போடச் சொல்ல வேண்டும். பதிலை அன்றே சொல்லாமல் அடுத்த வாரம் சொன்னால், தவறான பதில் வாயில் வராது.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.