காய்ச்சல் விட்டதும் அனுப்பச் சொல்லாதீர்கள்

சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும், வணக்கம்.

போன வருஷம் என் மகன் பிளஸ் டூ படித்தான். பொதுத்தேர்வுக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது சுரப்பிக் காய்ச்சல் என்று ஒன்று வந்து படுத்துவிட்டான். இந்த வருஷம் எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு அதே காய்ச்சல். நேற்று ராத்திரி அவளுடைய அம்மா வந்து, "ஸ்கூல்ல என்னக்கா சொல்றது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முந்தின வாரம் தொண்டை வலியில் ஆரம்பித்தது. மறுநாள் 102 காய்ச்சல். கழுத்தின் இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டை. என் மாமியார் தடவிப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, பல்லுல சொத்தை இருக்கா பாரு" என்றார். பல் நன்றாகத்தான் இருந்தது. தெருமுனை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் அமாக்ஸிசிலின் வாங்கிக் கொடுத்தது நான்தான், அந்தப் பழி வேறு யாருக்கும் வேண்டாம். சில நாளில் முதுகு, வயிறு, கை எல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. மாமியார் அம்மைதான் என்று முடிவு செய்து வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது.

டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வழக்கத்துக்கு மாறான உருவத்தில் இருப்பதைப் பார்த்தார், இது சுரப்பிக் காய்ச்சல் என்றார். எப்ஸ்டீன்–பார் வைரஸால் வருவது. தடிப்பு அம்மை இல்லையாம். இந்த வைரஸ் உடம்பில் இருக்கும்போது அமாக்ஸிசிலின் கொடுத்தால் பலருக்கு இப்படித் தடிக்குமாம். வைரஸ் என்பதால் அந்த மாத்திரைக்கு இங்கே வேலையும் இல்லை. பாரசிட்டமால், உப்பு நீர்க் கொப்பளிப்பு, தண்ணீர், தூக்கம். அவ்வளவுதான் வைத்தியம். ஆஸ்பிரின் மட்டும் இந்த வயதில் கூடாது என்றார்.

1964இல் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததாக அறிவித்தவர்கள் மூன்று பேர்: எப்ஸ்டீன், அச்சாங், பார். பெயரில் இரண்டு பேர்தான் நின்றார்கள், பாவம் அச்சாங். நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சின்ன வயதிலேயே சாதாரணச் சளி மாதிரி வந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. அப்போது தப்பித்துப் பதினைந்து, பதினாறு வயதில் மாட்டுகிறவர்களைத்தான் போட்டுப் புரட்டி எடுக்கிறது. அதனால்தான் இந்தப் பெயர் உங்கள் காதில் அதிகம் விழுந்திருக்காது. எனக்கும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு முத்தத்தை வைத்து ஒரு செல்லப் பெயர் உண்டு. ஓர் ஆசிரியர் அதை வகுப்பில் சொல்லிச் சிரிக்க, பையன்கள் ஒரு வாரம் ஓட்டினார்கள். எச்சில் வழியாகப் பரவுவது, அவ்வளவுதான் விஷயம். ஒரே பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடித்தாலும் போதும். அண்ணாந்து குடிக்கச் சொல்லி நம் பாட்டிகள் திட்டியதில் கொஞ்சம் அர்த்தம் இருந்திருக்கிறது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று விசாரணை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப் பிரித்து வைக்கவும் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இரண்டாவது வாரம் காய்ச்சல் விட்டது. "டெம்பரேச்சர் நார்மல்தானே, அனுப்புங்க, ரிவிஷன் டெஸ்ட் போயிட்டிருக்கு" என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அனுப்பினேன். வகுப்பு மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறான். சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், வாசல் நடையிலேயே பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் ஷூ இல்லை, இன்னொரு காலில் இருந்தது. இரண்டாவதைக் கழற்றத் தெம்பில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணி வரை அசையவில்லை.

இந்த நோயில் காய்ச்சலும் தொண்டை வலியும் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அசதி அப்படியில்லை. சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில். "எல்லாப் பசங்களும் டயர்டாத்தான் இருக்காங்கம்மா" என்றார் வகுப்பாசிரியர். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸிலிருந்து ராத்திரி ட்யூஷன் வரை ஓடுகிற பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்? ஆனால் அந்தக் களைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போய்விடும். இது போகாது. இன்றைக்கு முக்கி முனகி ஓடிவிட்டால் அடுத்த இரண்டு நாளும் எழுந்திருக்க முடியாது. சோம்பேறித்தனம், பரீட்சை பயம், நடிப்பு என்று மூன்று பெயரும் என் மகனுக்குக் கிடைத்தன. அதில் ஒன்றை வைத்தவள் நான். அவன் அதை மறந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெஞ்சு. தேர்வறை தயார் செய்ய உயரமான பையன்களைக் கூப்பிட்டு பெஞ்சு தூக்கச் சொல்வது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். வயிற்றில் அடி விழுந்தாலோ பாரம் தூக்கினாலோ அது கிழிய வாய்ப்புண்டு. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. பார்க்க நன்றாகத்தான் இருப்பான், தூக்குவான். டாக்டர் சரி என்று சொல்லும் வரை கபடி, ஃபுட்பால், பெஞ்சு எதுவும் வேண்டாம். திடீரென்று இடது பக்கம் வயிறு வலிக்கிறது என்றால் முதலுதவி அறையில் படுக்க வைத்துக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு. உடற்கல்வி ஆசிரியருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது பெரிய வித்தையில்லை. விடியற்காலை ட்யூஷனை நிறுத்தினோம். இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, அப்புறம் படுக்கை. மதியம் கட்டாயத் தூக்கம். கண் எரிகிறது என்றால் நான் அடுப்படியில் நின்றபடி விலங்கியலை வாய்விட்டு வாசிப்பேன், அவன் தரையில் படுத்துக் கேட்பான். பரிணாமம் எனக்கே பாதி மனப்பாடம். ஜவ்வரிசிக் கஞ்சி, குழைந்த தயிர் சாதம், இளநீர். ஐஸ்கிரீம் தொண்டைக்கு இதமாக இருந்தால் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது மாமியார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டோம். எதைப் படிக்க வேண்டாம் என்று வேதியியல் ஆசிரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் பள்ளி செய்த ஆகப் பெரிய உதவி அந்தத் தாள்தான்.

அதே மாதிரி இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். டாக்டர் சீட்டு ஒருமுறை வந்துவிட்டால் மூன்று நாளைக்கு ஒருதரம் புதிதாகக் கேட்காதீர்கள். அரைநாள் வர முடிகிற பிள்ளையை அரைநாள் வரவிடுங்கள், ஸ்பெஷல் கிளாஸிலிருந்தும் திருப்புதல் தேர்விலிருந்தும் விட்டுவிடுங்கள். அகமதிப்பீட்டில் வருகைப் பதிவுக்கும் மதிப்பெண் இருப்பதால் பெற்றோர் பயந்துபோய் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள் முன்கூட்டியே பேசித் தீர்த்து வைக்கலாம். தேர்வு நாளில் 10 மணிக்கு உட்கார்ந்தால் 1.15க்குத்தான் எழுந்திருக்க முடியும். கீழ்த்தள அறையோ மின்விசிறிக்குக் கீழே இடமோ கிடைக்குமா என்று முதன்மைக் கண்காணிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

முடியவே முடியாத பிள்ளைக்குத் துணைத் தேர்வு இருக்கிறது என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். அது ஃபெயில் ஆனவர்களுக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேர்வுக்கு வராதவர்களும் எழுதலாம், அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம், பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வுகூட உண்டு. என் மகனுக்கு அது தேவைப்படவில்லை. எல்லாத் தாளையும் எழுதினான். இயற்பியலில் கடைசி இரண்டு ஐந்து மார்க் கேள்விகளை மட்டும் விட்டுவிட்டு, பேப்பர் மேலேயே தலை சாய்த்துவிட்டான். ஆனாலும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் பல ராத்திரிகள் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு நேற்றோடு காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறதாம். அவள் வரமாட்டாள். ஆறரைக்கு அவளுடைய அம்மா உங்களுக்கு போன் செய்வார். கொஞ்சம் எடுத்துப் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா