நிபந்தனை முன்னால் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்ப ஆங்கிலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிய ஆங்கிலம் என்பது ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்குக் காட்டும் சலுகை என்கிற தொனி அதில் இருந்தது. இயந்திரப் பராமரிப்புக் கையேடுகள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது ஒப்பவில்லை.

விமானத் துறையையே எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்குகளுக்குப் புரிகிற மாதிரி கையேடு வேண்டும் என்று 1970களின் கடைசியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் தயாரிப்பாளர்களிடம் கேட்டன. அதன் பலனாக 1980களில் வந்த எளிய ஆங்கில விதிமுறைக்குத்தான் இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. விளக்கம் என்றால் 25 வரை போகலாம். ‘ஃபாலோ’ என்ற சொல்லைப் பின்னால் வருவதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். பாதுகாப்பு விதியைக் கடைப்பிடி என்பதற்கு ‘ஒபே’தான். எழுதிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், இது சலுகையா கெடுபிடியா என்று!

எனக்கு மிகவும் பிடித்தது, நிபந்தனை இருந்தால் அதை முதலில் எழுது என்ற விதி. ‘ஓப்பன் த வால்வ் ஆஃப்டர் த பிரஷர் இஸ் ரிலீஸ்ட்’ என்று எழுதினால், பாதி படிப்பதற்குள் கை வால்வுக்குப் போய்விடும். ஆனால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் எந்த மேஸ்திரியும் ‘பிரஷர் இறங்கின அப்புறம் வால்வைத் திற’ என்றுதான் சொல்வார். தமிழில் அந்த வரிசை தானாகவே வந்துவிடுகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதினாலும் இலக்கணம் ஒன்றும் கெடாது. ஆனாலும் திருப்பிப் போட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்று யாரோ நம் பொறியாளர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு ‘த வால்வ் ஷுட் பி க்ளோஸ்ட்’ என்று எழுதுவது வேறு. வால்வு ஏற்கெனவே மூடியிருக்க வேண்டுமா, நான் போய் மூட வேண்டுமா?

கடிதத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ இந்த விதிமுறை ஒத்துவராது, சரி. ஆனால் பாலிடெக்னிக் ஆங்கில வகுப்பில், ஒரு பம்பைக் கழற்றி மாட்டும் முறையை இந்த விதிகளின்படி எழுதச் சொல்லலாமே. விதிமுறை நூலுக்குக் காசுகூட வேண்டாம். அதை வெளியிடும் அமைப்பிடம் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர்