ஊரணியையும் சேர்த்து எழுது

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பச்சி எழுதுவது. நம் செட்டிநாட்டு ஊரைப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கக் கேட்டு நீ எழுதிய மனுவைப் படித்தேன். முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் இருக்கின்றன. ஊரணியைக் காணோம்.

வீட்டுக்கு வீடு கூரைத் தண்ணீர் வளவில் இறங்கி, தரைக்கடியில் ஓடி, தெருக்கால்வாய் வழியே ஊரணிக்குப் போகிறதே, அதுதான் இத்தனை வீடுகளை ஓர் ஊராகக் கட்டுவது. 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். கிராம வரைபடத்தில் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போகும் சர்வே எண்களை எஃப்.எம்.பி. என்னும் புல அளவைப் படத்தோடு ஒத்துப் பார்த்துக் குறி. தூர்ந்த இடத்தையும், மேலே கடை எழும்பிய இடத்தையும் மறைக்காதே. நேரில் பார்க்க வருகிறவர் கண்ணில் எப்படியும் படும். வீடுகளை மட்டும் சுற்றி எல்லை போட்டால் வரத்து வெளியே நின்றுவிடும். நாளை அதை மனையாக்கினாலும் நம்மால் கேட்க முடியாது.

மத்தியத் தொல்லியல் துறையிடம் போகலாமா என்றாய். வேண்டாம். அவர்கள் ஒரு கட்டடத்தைக் காக்கப்பட்ட சின்னமாக்கினால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். குடியிருக்கும் தெருவில் பாதி ஊர் நமக்கு எதிராகத் திரும்பும். யுனெஸ்கோவுக்கு நாம் நேரே எழுத முடியாது. செட்டிநாட்டின் மூன்று ஊர்த்தொகுப்புகள் 2014-லேயே அவர்களின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனால் ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு மனுதான் தரலாம். தருவதும் மத்திய அரசுதான். 2012-ன் பாரம்பரிய ஆணையச் சட்டத்தைச் சொல்லி மாநில அரசிடம் கேள்.

இழுத்தடிக்கப் போவது பங்காளிகள் கையெழுத்து. பட்டா பல வீடுகளுக்கு இன்னும் பாட்டன்கள் பேரில் கிடக்கிறது. வாரிசுச் சான்றுக்கு இப்போதே சொல்லிவை. பினாங்கிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்குக் கையெழுத்துப் படிவத்தோடு, இதனால் வீட்டை விற்கும் உரிமை போகாது என்று ஒரு வரியும் எழுது. அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். தூணும் நிலையும் கழன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போவதும் பங்கு தீராத வீடுகளிலிருந்துதான்.

சிமெண்டு பூசிய சுவர்களைத் தனியாகப் பட்டியலிடு. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டு ஏறினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். படத்தில் புதுசாகத் தெரிவதை நம்பாதே.

அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் வைக்கலாம். வரைபடம் அதற்கு முன் வரட்டும்.

அப்பச்சி