பெட்டியைப் பூட்டுவதற்கு முன்: திருகோணமலைப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரில் கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். நீங்கள் டிக்கெட் எடுத்துக்கொடுத்து டுபாய்க்கும் கட்டாருக்கும் அனுப்பிவைக்கும் ஆட்களில் பலர், பயணத்துக்கு முதல்நாள் என் கடைப்படி ஏறுகிறார்கள். அநேகமாகப் பவர் பேங்க் வாங்கத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் மருமகனை வழியனுப்ப இரவு வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனேன். கூடவே மூதூரிலிருந்து ஒரு அக்கா, முதன்முறை வெளிநாடு போகிறவர். ஹபரணைக் காட்டைக் கடக்கும்போது, "பவர் பேங்க் எல்லாம் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன் தம்பி, அப்போதுதான் களவு போகாது என்று ஏஜென்சியில் சொன்னார்கள்" என்றார். அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் தலையாட்டிவிட்டேன். விடியற்காலை நுழைவாயில் சோதனையில் பெட்டியை நிறுத்தினார்கள். மூன்று சுற்றுச் சுற்றிய நைலோன் கயிற்றை அவரே பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியதாயிற்று. சரக்குத்தூள் பொட்டலம், புழுக்கொடியல், பிள்ளையின் படம் எல்லாம் தரையில். அடியில் துவாயில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு பவர் பேங்க். ஒன்று ஏற்கெனவே அப்பளம்போல் உப்பியிருந்தது.

அதிகாரி செய்தது சரி. பிழை இங்கே, நம் ஊரில் நடந்தது.

வீங்கிய பற்றரியை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். கடை வாசலில் அதற்கென்றே ஒரு மணல் வாளி உண்டு. ஒருமுறை ஒன்றைக் கழற்றும்போது உறை கிழிந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல் ஒரு மணம் வந்தது. வாளிக்குள் எறிவதற்கும் அது சீறி எரிவதற்கும் இடையில் ஒரு மூச்சுவிடும் நேரம்கூட இருக்கவில்லை. லித்தியம் மின்கலத்தின் குணம் அது. உள்ளே இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் சூடு ஏறும், அந்தச் சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கும், பிறகு பக்கத்து மின்கலத்துக்கும் தாவும். சுவாலையை அமர்த்தினாலும் போதாது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானத்தின் அடியில், பூட்டிய சரக்கறையில், யார் போய்த் தண்ணீர் ஊற்றுவது? பவர் பேங்கைக் கையோடு கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். புகைந்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும், பணிப்பெண் ஓடிவருவார்.

"விமானத்திலேயே இதே பற்றரி இருக்கிறதே" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. போயிங் 787 விமானத்துக்கு மின்சாரம்தான் உயிர். இயந்திரத்துக்கு இரண்டாக நான்கு மின்பிறப்பாக்கிகள், வாலில் உள்ள துணை இயந்திரத்தில் இன்னும் இரண்டு. எல்லாம் கைவிட்டால் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சிறிய காற்றாடி வெளியே இறங்கி, எதிர்க்காற்றில் சுழன்று மின்சாரம் தரும். அது சுழன்று பிடிக்கும்வரை விமானியின் முக்கிய கருவிகளை அணையவிடாமல் காப்பது லித்தியம் பற்றரி. 1983இல் எயார் கனடாவின் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரு இயந்திரங்களும் நின்று, திரைகள் இருண்டபோது பற்றரியில் ஓடும் சில கருவிகளும் அந்தக் காற்றாடியும்தான் கைகொடுத்தன. விமானம் கிம்லி என்ற இடத்தில் இறங்கியது, ஒருவரும் சாகவில்லை.

அப்படிப்பட்ட காவற்காரனே தீப்பிடித்த கதையும் உண்டு. 2013 ஜனவரி 7ஆம் திகதி, பொஸ்டனில் பயணிகள் இறங்கிப்போன ஜப்பான் எயார்லைன்ஸ் 787இல் புகையை முதலில் கண்டவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். துணை இயந்திரத்தின் பற்றரி எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்து ஜப்பானில் இன்னொரு 787 பற்றரிப் புகையால் தகமட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. உலகில் அப்போது சேவையில் இருந்த 787 ரக விமானங்கள் ஐம்பதும் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தபோது, எட்டு மின்கலங்களுக்கிடையே கூடுதல் காப்பு இருந்தது, பற்றரியைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி இருந்தது, புகையை நேரே வெளியே தள்ள ஒரு குழாய் இருந்தது.

பொறியியலாளர்கள் செய்து, சோதித்து, சான்றிதழ் கொடுத்த பற்றரிக்கே இரும்புச் சிறை. சந்தையில் பேரம்பேசி வாங்கியதற்குத் துவாய்!

சரக்காக அனுப்பும் பற்றரிகளின் கதை இதைவிடக் கொடியது. 2010 செப்டெம்பரில் டுபாயிலிருந்து புறப்பட்ட, யூபிஎஸ் என்ற பொதி அனுப்பும் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் லித்தியம் பற்றரிகள் இருந்த இடத்தில் தீ மூண்டு, விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் முதல், லித்தியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதற்குத் தடை இருக்கிறது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் புறப்படக் காத்திருந்த விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் மேற்தட்டில் தீப்பிடித்துக் கூரை எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். ஒரு பவர் பேங்கின் உள்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். அதன்பின் அந்த நாட்டில் பவர் பேங்கை மேற்தட்டில் வைக்கவே கூடாது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. டிக்கெட்டோடு ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு கொடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட் மணித்தியாலம்வரை என்றால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 160வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்குமேல் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லியம்பியர் மணித்தியாலக் (mAh) கணக்கு ஆட்களைக் குழப்பும்: 20,000 என்றால் சுமார் 74 வாட் மணித்தியாலம், 30,000 என்றால் 111. எத்தனை கொண்டுபோகலாம், வானில் பாவிக்கலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதை விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள், கமிஷனும் வாங்குகிறீர்களே. எண் அழிந்ததையும் உப்பியதையும் எக்காரணம்கொண்டும் அனுப்பாதீர்கள்.

சந்தேகமானதை என்னிடம் அனுப்பிவையுங்கள். பார்த்துச் சொல்லக் காசு வாங்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் மதியம்வரை கடை திறந்திருக்கும். வாளியில் மணல் இருக்கிறது.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை